காரின் உட்புறக் கீறல்கள்: குமரி மாவட்டக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டேஷ்போர்டு, டோர் பேட், கியர் கன்சோல், சீட் பெல்ட் இருக்கும் தூண்களை மூடிய பிளாஸ்டிக், டிக்கி ஓரம் ஆகியவற்றில் விழும் சின்னக் கீறல்களைப் பற்றியது இந்தப் பக்கம். வண்டி ஓட்டுவதற்கு இவற்றால் ஒரு தடையும் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல். ஆனால் கீறலைவிட, அதைப் போக்கப் போய் உண்டாகும் சேதம்தான் பெரும்பாலும் பெரிதாகிவிடுகிறது. பொருள் என்னவென்று தெரியாமல் பாலிஷையோ தின்னரையோ கையில் எடுப்பதே காரணம். அதனால் கீழே எந்தப் பதிலிலும் பொருள் முதலில் வரும், மருந்து பிறகுதான் வரும்.

இது கீறலா, வெறும் தடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு மொபைல் டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

அடுத்து, நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் அது அநேகமாகச் செருப்பு, பை, குடைக்கம்பி போன்ற எதோ ஒன்று விட்டுச் சென்ற தடம். பெரும்பாலும் சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். நகம் லேசாகத் தட்டினால் மேலோட்டமான கீறல். நகம் உள்ளே விழுந்து நின்றால் பொருளே பெயர்ந்துபோயிருக்கிறது. அதைத் துடைத்தோ பாலிஷ் போட்டோ எடுக்க முடியாது; நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் நல்ல செய்தி: டிரஸ்ஸிங் எனப்படும், பிளாஸ்டிக்கில் தடவும் சரியான பூச்சோ பாலிஷோ அதை மறைத்துவிடும். ஈரத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் வேலை கொஞ்சம் கூடுதல்.

காருக்குள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது?

சொரசொரப்பான, அச்சுப் பதித்ததுபோல் இருக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பகுதிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். டோர் பேடின் கீழ்ப்பாதி, தூண் மூடிகள், டிக்கி ஓரம், நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்களின் டேஷ்போர்டு எல்லாம் இதுதான். கண்ணாடிபோல் மின்னும் கறுப்புப் பட்டை, அதாவது பியானோ பிளாக், ஏபிஎஸ் அல்லது அக்ரிலிக் கலந்த பிளாஸ்டிக். சில வண்டிகளில் அதன்மேல் நிறமற்ற ஒரு மேல்பூச்சும், அதாவது கிளியர் கோட், இருக்கும். தொட்டால் மெத்தென்று உள்ளே அமுங்கும் டேஷ்போர்டின் மேல்தோல் பெரும்பாலும் பிவிசி வகை. தொடும்போது ரப்பர்போல வழவழப்பாக இருந்து, அழுத்தினால் அமுங்காத பகுதி என்றால் கடினமான பிளாஸ்டிக்மேல் சாஃப்ட் டச் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சீட்டும் கைதாங்கியும் பெரும்பாலும் ரெக்சின்.

கழற்றக்கூடிய பகுதி என்றால் சந்தேகமே வேண்டாம். பின்பக்கம் திருப்பினால் இரண்டு அம்பு முனைகளுக்கு நடுவே பொருளின் சுருக்கப் பெயர் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். அங்கே பிபி என்றால் பாலிப்ரோப்பிலீன். அதன் பக்கத்தில் டி20 என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கல்மாவு கலந்தது.

கறுப்பு பிளாஸ்டிக்கில் கீறல் ஏன் வெள்ளையாக விழுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது அந்த டால்க். பகுதி விறைப்பாக நிற்பதற்காகக் கலக்கப்படும் வெள்ளைத் தூள் அது. மேல்பரப்பு கீறப்படும்போது தூள் துகள்கள் பிளாஸ்டிக்கை விட்டு விலகி வெளியே தெரிகின்றன. இரண்டாவது, அழுத்தம். சாவியோ பெல்ட் கொக்கியோ மோதிய இடத்தில் பிளாஸ்டிக் இழுபட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் இடம் வெளுத்துத் தெரியும். இரண்டாவது வகைக்கு மிதமான சூடு நன்றாக வேலை செய்யும். முதல் வகைக்கு நிறமும் டிரஸ்ஸிங்கும்தான் வழி.

சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல்கள். வீட்டிலேயே எப்படிச் சரி செய்வது?

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பலகை சுடச்சுட இருக்கும்போது எதையும் தடவினால் சீராகப் பரவாமல் திட்டாகக் காயும். ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ், மிருதுவானதாகப் பார்த்து எடுத்து, தூசியைத் தட்டி வாக்குவம் கிளீனரில் இழுத்துவிடுங்கள். வாக்குவம் கிளீனரின் முனை பிளாஸ்டிக்கில் உரசக் கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கார் ஷாம்பு போதும். அதில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். சொரசொரப்பின் பள்ளங்களில் அழுக்கு இருந்தால் பிரஷ்ஷின் நுனியால் வட்டமாகத் தேயுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணி. அதன்பின் கால் மணி நேரமாவது காயவிடுங்கள். பாதிக் கீறல்கள் இந்தக் கட்டத்திலேயே காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அவை கீறல்களாகவே இருந்திருக்காது.

மிச்சம் இருப்பவற்றுக்கு ஹேர் டிரையர். 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், அரை நிமிடம் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். கை வைத்தால் சூடாக இருக்க வேண்டும், கையை எடுக்க வைக்கிற அளவுக்கு அல்ல. துணியால் ஒருமுறை வருடி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, திரும்பவும் செய்யலாம். மூன்று முறைக்குள் வெளுப்பு குறையவில்லை என்றால் அதற்குமேல் குறையாது, நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, தண்ணீர் அடிப்படையில் செய்த, பளபளக்காத மேட் வகை டிரஸ்ஸிங். ஸ்பாஞ்சில் மூன்று நான்கு சொட்டு விட்டு, கீறல் உள்ள இடத்தில் மட்டுமில்லாமல் அந்தப் பலகை முழுவதும் தடவுங்கள். கீறலில் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாகக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

இது கீறலை அழிப்பதில்லை, மறைக்கிறது. சில வாரங்களில் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

ஹீட் கன் காட்டினால் கீறல் உருகி மூடிவிடும் என்கிறார்களே?

மூடும். கூடவே சொரசொரப்பையும் அழித்துவிடும். பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியசில் உருகுவது, ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குவது. ஹீட் கன்னை உச்சத்தில் வைத்தால் 500 டிகிரிக்கு மேல் காற்று வரும். கீறல் மூடுவதற்கும் பரப்பு கெடுவதற்கும் இடைவெளி சில நொடிகள்தான். அதைத் தாண்டினால் அச்சுப்போன்ற அந்த மேற்பரப்பு உருகி, எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்புத் திட்டு நிற்கும். அதைத் திரும்ப மேட்டாக்க வழியே கிடையாது.

செய்தே தீர வேண்டும் என்றால் கதவுக்குக் கீழே மிதிபடும் சில் பிளேட், டிக்கி ஓரம் போன்ற, வாங்கி மாற்ற எளிதான பகுதிகளில் மட்டும். குறைந்த வெப்ப அளவில் வைத்து, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை விலக்கி விலக்கிக் காட்டுங்கள். பரப்பு மினுங்கத் தொடங்கிய கணமே நிறுத்த வேண்டும். முதலில் அதே பகுதியின் அடிப்பக்கத்தில் செய்து பாருங்கள். டேஷ்போர்டில் வேண்டவே வேண்டாம்.

ஏர்பேக் இருக்கும் இடத்தில் கீறல் விழுந்தால்?

துடைக்கலாம். அதற்குமேல் எதுவும் செய்யக் கூடாது. ஸ்டீயரிங் நடுப்பகுதி, முன்பயணிக்கு நேரே உள்ள டேஷ்போர்டு மேல்பகுதி, முன் தூண்கள், சீட்டின் வெளிப்பக்க ஓரம் என எங்கெல்லாம் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதோ அங்கெல்லாம் சூடு, ஃபில்லர், பசை, பெயிண்ட், ஸ்டிக்கர் ஒன்றும் ஆகாது. அந்த மூடிகள் குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி உள்பக்கம் மெலிதாக்கப்பட்டவை. அதன்மேல் ஒரு அடுக்கு ஏறினால் திறக்கும் விதமே மாறலாம். சீட் கவர் மாட்டும்போதும், சைடு ஏர்பேக் உள்ள சீட் என்று கடையில் முன்கூட்டியே சொல்லி, அந்த ஓரத்தில் திறப்பு விட்ட கவரையே கேளுங்கள்.

பியானோ பிளாக் கன்சோல் வாங்கிய மாதமே சிலந்தி வலைபோல ஆகிவிட்டது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது. உலர்ந்த துணியால் துடைத்ததுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். வண்டிக்குள் வந்து உட்காரும் தூசியில் மணல் துகள்கள் கலந்திருக்கும். துணியை வைத்து இழுக்கும்போது ஒவ்வொரு துகளும் ஒரு கோடு போடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இவ்வளவு மெல்லிய கோடுகளைப் பாலிஷில் எடுக்க முடியும், ஏனென்றால் இங்கே காப்பாற்ற வேண்டிய சொரசொரப்பு எதுவும் இல்லை. சுற்றியுள்ள மேட் பிளாஸ்டிக், பட்டன் இடுக்கு, ஏசி வென்ட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இதைத் தவிர்த்தால் பாலிஷ் இடுக்கில் புகுந்து வெள்ளையாகக் காய்ந்து, குச்சி வைத்து நோண்டும்போது புதுக் கீறல் வரும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டபின், ஃபினிஷிங் பாலிஷ் அல்லது பிளாஸ்டிக் பாலிஷை ஒரு பட்டாணி அளவு எடுத்து மிருதுவான ஃபோம் பேடில் தடவி, ஒரு சமயத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் அழுத்தாமல், பேடைத் தட்டையாக வைத்து, நேர்க்கோட்டில் எட்டுப் பத்து முறை. பிறகு குறுக்கே அதே அளவு. புதிய மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு சுற்று.

பெயிண்டர்கள் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்ட் இங்கே வேண்டாம். அது கோடுகளை எடுத்துவிட்டு மங்கலை விட்டுப்போகும். நகம் தட்டும் கீறல் ஒன்றிரண்டு இருந்தால், அந்த இடத்தில் மட்டும் 3000 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு நான்கைந்து முறை ஓட்டி, பிறகு மேலே சொன்ன பாலிஷைப் போடலாம். ஆனால் கிளியர் கோட் உள்ள வண்டியில் அது தேய்ந்து போனால் ஓரத்தில் வளையம்போலத் தெரியும். எந்த வகை என்று தெரியாதபோது வாட்டர் பேப்பரைத் தொடாமல், பாலிஷோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மெஷின் பாலிஷர், சின்னதாக இருந்தாலும், ஒரு இடத்தில் நின்றால் சூட்டில் பரப்பை இளக்கிவிடும். இந்த அளவு இடத்துக்குக் கை போதும்.

பாலிஷ் போட்டபின் ஃபிலிம் ஒட்டிவிடலாமா?

ஒட்டலாம், ஒட்டுவதே சரி. பெயிண்டைக் காக்க வெளியே ஒட்டும் டிபியு என்ற அதே பிளாஸ்டிக் ஃபிலிம், கன்சோலுக்கென்று வெட்டப்பட்டும் கிடைக்கிறது. பாலிஷின் எண்ணெய்ப்பசை ஒட்டாதபடி சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு கலந்து தெளித்துக்கொண்டால் ஃபிலிமை நகர்த்தி இடம் பார்க்க வசதி. பட்டன் பக்கம் தெளிக்காமல், ஃபிலிமின் பசைப் பக்கத்தில் தெளியுங்கள். மழை விடாமல் பெய்யும் நாட்களில் அடியில் உள்ள ஈரம் வெளியேற நாளாகும், ஓரங்கள் தூக்கும். வெயில் உள்ள வாரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் மேலே உள்ள கண்ணாடியிலும் டச் ஸ்கிரீனிலும் கோடுகள் விழுந்திருக்கின்றன.

இரண்டும் வேறு வேறு. மீட்டர் மேலே இருப்பது கண்ணாடி அல்ல, பெரும்பாலும் தெளிவான அக்ரிலிக். பியானோ பிளாக்குக்குச் சொன்ன அதே பிளாஸ்டிக் பாலிஷ், அதே முறை. சானிடைசர், ஸ்பிரிட், ஆல்கஹால் வைப்ஸ் எதுவும் அதன்மேல் படக்கூடாது: ஓரங்களிலிருந்து நுண்ணிய வெடிப்புகள் ஓடத் தொடங்கும், அது திரும்பாது.

டச் ஸ்கிரீனில் பாலிஷே கூடாது. அதன்மேல் இருக்கும், வெளிச்சம் எதிரொளிக்காமல் தடுக்கும் பூச்சு தேய்ந்து, தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். மெல்லிய கோடுகளை மேட் ஸ்கிரீன் கார்டு மறைத்துவிடும்.

கடற்கரைக்கு அடிக்கடி போகிற வண்டி. உள்ளே எப்போதும் மணல்.

முட்டம், மணவாளக்குறிச்சி, சொத்தவிளை, கன்னியாகுமரி எங்கே போய் வந்தாலும் காலிலும் துணியிலும் மணல் ஏறிவரும். மணவாளக்குறிச்சி கடலோர மணலில் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுக்கும் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்திருக்கின்றன. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நம் விரல் நகம் சுமார் 2.5. சாதாரண வெள்ளை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, சிர்கான் 7.5. இவற்றில் ஒரு துகள் துணிக்கு அடியில் மாட்டினாலும் காருக்குள் இருக்கும் எந்த பிளாஸ்டிக்கும் தாங்காது.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் தட்டு, பிறகு உறிஞ்சு, அதன்பிறகே ஈரத்துணி. உலர்ந்த துணி எப்போதும் கடைசியில்தான், அதுவும் சுத்தமான பரப்பில்தான். தரை துடைத்த துணியை டேஷ்போர்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவைத்து, முற்றத்து மணலுக்கு மேல் கட்டிய கொடியில் போடாமல் வீட்டுக்குள் காயப்போடுங்கள். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் நாட்களில் தோவாளை, முப்பந்தல் பக்கம் போகும் வண்டிக்கும் இதே விதி. கண்ணாடியை இறக்கி ஓட்டினால் டேஷ்போர்டில் ஒரு படலமே படிந்துவிடும்.

டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறதே, தொடரலாமா?

மறைவது உண்மை. கீறலின் பள்ளத்தை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது. ஆனால் எண்ணெய் காய்வதில்லை. தூசி அதில் ஒட்டிக் கூழாகி, அடுத்தமுறை துடைக்கும்போது அந்தக் கூழே உப்புத்தாள் வேலையைச் செய்யும். வெயிலில் நின்ற வண்டிக்குள் சிக்கு வாடையும் வரும். டேஷ்போர்டு மேல்பகுதியில் தடவினால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவும் வைக்கும். சிலிக்கான் பளபளப்பு பாலிஷ்களிலும் இவற்றில் இரண்டு குறைகள் உண்டு: தூசி ஒட்டும், கண் கூசும்.

தேங்காய் எண்ணெய்க்குக் காருக்குள் ஒரு நல்ல வேலை இருக்கிறது, அடுத்த பதிலில்.

சாமி சிலை, சிலுவை, மாதா சொரூபம் ஒட்டிய பசையை எடுக்க முடியவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதுதான் டேஷ்போர்டில் ஆழமான பள்ளம் விழ முதல் காரணம். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, மெல்லிய தூண்டில் நரம்பைச் சிலைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து வாள் இழுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். டேப்பின் நடுவிலுள்ள ஃபோம் அறுபட்டுச் சிலை தனியே வந்துவிடும்.

மிச்சமிருக்கும் பசைமேல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எதற்கோ அதற்குத்தான் இதுவும்: பசை எண்ணெயில் இளகிவிடும். விரல் நுனியால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து எண்ணெயைப் போக்குங்கள். பெட்ரோலோ தின்னரோ பட்டால் ஏபிஎஸ் கரைந்து வெளுத்துப்போகும்.

திரும்ப ஒட்டும்போது முன்பயணியின் ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரிந்தால் அந்தச் சிலை எதிரில் இருப்பவரின் முகத்துக்குத்தான் வரும்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் கறையாகிவிட்டது.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்ட வேண்டாம். நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் ஊறித் தானே வந்துவிடும். வெளிர் நிறத்தில் மஞ்சள் கறை மட்டும் நின்றால், சோப்பால் துடைத்துவிட்டு வண்டியை நாலைந்து நாள் வெயில் படும்படி நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும்.

டூத்பேஸ்ட்? மேஜிக் ஸ்பாஞ்ச்?

டூத்பேஸ்டில் இருப்பது மெல்லிய தேய்ப்புத் தூள். மின்னும் பரப்பில் மங்கலாக்கும், சொரசொரப்பில் புகுந்து வெள்ளையாக நிற்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்பது மெலமைன் நுரை. அதுவும் நுண்ணிய உப்புத்தாள்தான். சில் பிளேட்டில் ஷூவின் ரப்பர் தடம் இருந்தால், நனைத்து, அழுத்தமின்றி இரண்டு மூன்று முறை ஓட்டலாம். பியானோ பிளாக், ஸ்கிரீன், சாஃப்ட் டச் பெயிண்ட் மூன்றிலும் தொடக்கூடாது.

வாசனைத் திரவம் கொட்டி டேஷ்போர்டு பொங்கிவிட்டது.

அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டது. கொட்டிய உடனே என்றால், தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்தால் தப்பிக்கலாம். இளகிய நிலையில் தேய்த்தால் துணியின் இழை அப்படியே பதிந்துவிடும். ஒருநாள் தொடாமல் இறுகவிடுங்கள். பொங்கி நின்ற பரப்பைப் பழையபடி ஆக்க முடியாது. சின்ன இடமென்றால் மொபைல் ஹோல்டரை அதன்மேல் வைத்து மறைப்பது நியாயமான தீர்வுதான். பாட்டில் வகையைத் தவிர்த்து, வென்ட்டில் மாட்டும் திட வகையை வாங்குங்கள்.

டோர் ஹேண்டில் பகுதி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நகம் பட்டாலே கீறல் விழுகிறது.

சாஃப்ட் டச் பெயிண்ட் சிதையத் தொடங்கிவிட்டது. பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரப்பதத்தால் மெதுவாக உடைந்துகொண்டே வரும். வெயிலும் கைவேர்வையும் சானிடைசரும் அதை வேகப்படுத்தும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கும் நம் மாவட்டத்தில், கடலும் பக்கத்தில் இருக்கையில், இது சீக்கிரம் வருவதில் வியப்பில்லை.

பிசுபிசுப்பைத் திருப்பிச் சரிசெய்யும் மருந்து கிடையாது. முடிந்தால் அந்தப் பகுதியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, பூச்சை முழுவதுமாக நீக்கிவிடலாம். அடியில் உள்ள வெறும் பிளாஸ்டிக் பார்க்க நன்றாகவே இருக்கும். கதவுகளைத் திறந்துவைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். துணிகள் நிறையத் தேவைப்படும். பாதியில் நிறுத்தினால் திட்டுத்திட்டாக நிற்கும் என்பதால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பட்டனில் அச்சடித்த எழுத்துகள் இருந்தால் அவையும் அழிந்துபோகும்.

ரெக்சினில் சின்னக் கிழிசல்.

கீறல் மட்டும் என்றால் ரெக்சின் நிற டச் அப் போதும். ஒரு செ.மீ. வரையிலான கிழிசலுக்கு வினைல் ரிப்பேர் கிட் வாங்குங்கள்: அடித்துணி, பசை, ஃபில்லர், நிறம், தோல் வரி பதிக்கும் தாள் எல்லாம் அதில் இருக்கும். பிசிறுகளைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, அடித்துணியைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. பெரிதாக வெட்டி, முள்வாங்கியால் உள்ளே நுழைத்துப் பசையில் ஒட்டுங்கள். ஃபில்லரை ஒரேயடியாக அப்பினால் மேலே தோல்கட்டி உள்ளே ஈரமாக நின்று, பிறகு குழியும். மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றுக்கும் அரைமணி இடைவெளி, மழைநாளென்றால் இரட்டிப்பு. கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே வரித்தாளை வைத்து அழுத்துங்கள்.

நிறம் கலக்கும்போது, ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்தால் கொஞ்சம் மாறும். ஒரு வெள்ளை அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்தபிறகு வண்டியில் வையுங்கள். தையல் ஓரத்தில் விழுந்த கிழிசல் கிட்டில் நிற்காது. சீட் வேலை செய்பவரிடம் அந்தத் துண்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் வெள்ளைப் புள்ளிகள். கீறலா?

பூஞ்சை. சோப்புத் தண்ணீரால் துடைத்து, கதவுகளைத் திறந்து உலரவிடுங்கள். ஈரக் குடையையும் நனைந்த மிதியடியையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டாமல் இருந்தால் திரும்ப வருவது குறையும்.

வாழைக்குலை, தேங்காய், ரப்பர் ஷீட் ஏற்றி டிக்கி ஓரமெல்லாம் கீறல்.

டிக்கி வாசலில் பொருளை வைத்து உள்ளே இழுப்பதுதான் தவறு. தூக்கி உள்ளே வையுங்கள். சாக்கு விரித்தால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், ஆனால் சாக்கின் இழைகளில் இருக்கும் மண் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். பழைய போர்வையை மடித்து வாசல் ஓரத்தில் தொங்கவிட்டு, உள்ளே விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போடுங்கள். குலைத்தண்டின் வெட்டுவாயைப் பாலிதீன் பையால் கட்டிவிட வேண்டும். வாழைக்கறை துணி லைனிங்கில் பட்டால் காய்ந்தபின் போகவே போகாது. பிளாஸ்டிக்கில் பட்டால் உடனே ஈரத்துணி போதும்.

டிக்கி ஓரத்தில் ஏற்கெனவே கீறல் நிறைந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சரி செய்வதில் பொருளில்லை. அதன்மேல் மாட்டும் ரப்பர் அல்லது ஸ்டீல் கார்டு ஒன்று வாங்கி மூடிவிடுங்கள்.

குரோம் பட்டை, மரம் மாதிரியான பட்டை?

குரோம் என்பது பிளாஸ்டிக்மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. கீறினால் பாலிஷில் வராது. உரிந்த குரோமின் ஓரம் பிளேடுபோலக் கையைக் கிழிக்கும், உடனே மாற்றுங்கள். மர டிசைன் பட்டையில் டிசைன் படலத்தின்மேல் கிளியர் கோட் இருக்கும். கோட்டில் மட்டும் விழுந்த கீறலை ஃபினிஷிங் பாலிஷ் எடுக்கும், படலம் வரை போனதை எதுவும் எடுக்காது.

சரிசெய்வதைவிட மாற்றுவது எப்போது லாபம்?

தனியாகக் கழலும் சின்னப் பகுதியாக இருந்து, நகம் உள்ளே விழும் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். கியர் சுற்றுப்பட்டை, ஸ்விட்ச் தட்டு, சில் பிளேட், தூண் மூடி எல்லாம் தனித்தனி பார்ட் நம்பரில் கிடைக்கும். ஆர்டர் கொடுக்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைச் சொல்லுங்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் உட்புற நிறம் மாறும்; கறுப்பு என்று கேட்டு வாங்கினால் அடர் சாம்பல் வந்து சேரும்.

கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் டிரிம் டூல் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மறைந்திருக்கும் திருகுகளைத் தேடுங்கள்: கைப்பிடிக் குழியின் அடியில், சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும். திருகு ஒன்றை விட்டுவிட்டு இழுத்தால் உடைவது கிளிப் அல்ல, பலகை. கிளிப்புக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நெம்புங்கள். கிளிப்புகள் உடையத்தான் செய்யும், நாலைந்து முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிளிப்பையே தளர்வாக மாட்டினால் மறுநாளிலிருந்து கடகட சத்தம். தூண் மூடியில் ஏர்பேக் பொறிப்பு இருந்தால் அது ஒர்க்‌ஷாப் வேலை.

இன்சூரன்ஸில் கேட்கலாமா?

கேட்டு லாபமில்லை. பயன்பாட்டில் வரும் தேய்மானத்துக்குப் பாலிசி கிடையாது. விபத்தில் உள்ளே உடைந்தது என்றாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதற்குமேல், நாமே கையிலிருந்து போட வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசி வரையிலான காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாய். ஒரு கிளெய்ம் போட்டால், கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போகும்; முதல் வருடத்துக்கே அது 20 சதவீதம், போகப்போக 50 வரை ஏறுவது.

கடையில் கொடுத்துச் செய்வதென்றால் என்ன பார்க்க வேண்டும்?

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் கீறலைச் சாய்ந்த வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். என்ன போடப் போகிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பளபளப்பு ஸ்ப்ரே மட்டும்தான் பதில் என்றால் அது ஒரு வாரம்தான் நிற்கும். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் தயங்கமாட்டார். திரும்ப வாங்கும்போது நிழலில் நிறுத்தி, பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்தபின் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பகுதியை மாற்றியிருந்தால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் கிளிப்புகளும் பின்பக்கத்துப் பார்ட் நம்பரும் அடுத்தமுறை உதவும்.